பந்து இறங்கும்வரை நின்றவர்

டிசம்பர் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குப் போர்ட் லொரேன் மைதானத்தில் மீக்கா ஓஸ்லண்ட் உதைத்த பந்து, அந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி பிற்பகல்தான் கீழே வந்தது. இடைப்பட்ட நாட்களில் அது ஏரிப் பக்கத்து இலக்குக் கம்பங்களுக்குச் சற்று முன்னால், தேவாலயக் கோபுரத்தின் உயரத்தில், மெதுவாகச் சுழன்றபடி நின்றது. கடற்புறாக்கள் முதல் நாள் அதைச் சுற்றிப் பார்த்தன. இரண்டாம் நாள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டன.

அந்த சீசனே அப்படித்தான் இருந்தது. முந்தைய ஆண்டு பதினேழு ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்ற ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டர்ஜன்ஸ், அதே பயிற்சியாளர், அதே ஆட்டக்காரர்கள், அதே வெளுத்துப்போன சட்டைகளோடு இந்த முறை பதின்மூன்றில் எட்டை வென்றிருந்தது. எப்படி என்று பயிற்சியாளரைக் கேட்டால் தனக்கும் தெரியவில்லை என்றார். பதினோரு வருடங்களாகக் கைக்கு எட்டாத, பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்று இப்போது தெருமுனைவரை வந்து நின்றது. நவம்பர் கடைசியில் வழக்கமாக உதைப்பவனின் முழங்கால் போனதால், கல்லூரி நாட்களில் உதைத்துப் பழகி, இப்போது வீடுகளுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்த மீக்காவை ஏணியிலிருந்து இறக்கிக் கூட்டிவந்தார்கள். எதிரணியான கிரேவ்டனும் எட்டு வெற்றியோடு அதே இடத்துக்குத்தான் போட்டியிட்டது. கிரேவ்டன் பத்தொன்பது, ஸ்டர்ஜன்ஸ் பதினேழு. கடிகாரத்தில் மூன்று நொடி பாக்கி. கம்பங்களுக்கு நடுவே பந்து போனால் மூன்று புள்ளி, ஆட்டம் கைக்கு வரும். தூரம் ஐம்பத்தொரு கெஜம். மீக்கா உதைத்தான். கடிகாரம் பூஜ்யத்தில் நின்றது. பந்து வரவில்லை.

பந்து எங்காவது விழும்வரை ஆட்டம் முடியாது, கம்பத்தடி நடுவர் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பது விதி. இடது கம்பத்தடியில் நின்றவர் அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கி மூன்றாம் நாள் ஊருக்குப் போனார். வலது கம்பத்தடியில் நின்ற வென்டல் ஹாஸ்கின்ஸ் போகவில்லை. நெப்ராஸ்கா மாநிலத்தில் மருந்துக்கடை வைத்துக்கொண்டு, வாரக் கடைசியில் நடுவராகப் போய்வந்த அவருக்கு ஐம்பத்தேழு வயது. லீக் அலுவலகம் இரண்டு நாள் கூடிப் பேசி, ஆட்டக்காரர்கள் கலையலாம், முடிவை அங்கே நிற்பவர்தான் சொல்ல வேண்டும் என்று கடிதம் அனுப்பியது. பத்திரிகைகள் இரண்டு அணிக்கும் ‘வெற்றி எட்டு, தோல்வி ஐந்து, வானில் ஒன்று’ என்று பட்டியல் போட்டன.

வென்டலைப் போர்ட் லொரேன் மறந்திருக்கவில்லை. பதினோரு வருடங்களுக்கு முன், சீசனின் கடைசி ஆட்டத்தில், பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, பந்தைப் பிடித்த ஸ்டர்ஜன்ஸ் ஆட்டக்காரனின் கால் கோட்டுக்கு வெளியே பட்டதென்று கையசைத்தவர் அவர்தான். அணி வெளியேறியது. ஊரின் ஒரு மதுக்கடையில் இன்றைக்கும் அவர் படத்தைக் குறிவைத்துத்தான் அம்பு எறிந்து விளையாடினார்கள். வடக்கு வாசலில் சாசேஜும் முட்டைக்கோஸ் சூப்பும் விற்கும் டோலி பியேட்ரோவ்ஸ்கியின் கணவர் ஸ்டான், அந்தக் கால் உள்ளேதான் இருந்தது என்று மருத்துவமனைக் கட்டிலிலும் வாதாடி, அடுத்த மார்ச்சில் இறந்துபோனார்.

நான்காம் நாள் டோலி ஒரு கோப்பை சூப்போடு வேலி தாண்டி வந்தாள்.

“இந்தா, குடி. உன்மேல இரக்கப்பட்டு ஒண்ணும் கொண்டாரல. நீ விறைச்சு விழுந்தா வேற எவனாவது வந்து இதவிடக் கேவலமா தீர்ப்பு சொல்லுவான்.”

“பசிக்கல மேடம். கடிகாரம் நின்னதுலேர்ந்து பசியே வரல. குளிர்தான் தாங்கல.”

“அப்போ கையில பிடிச்சுக்கிட்டு நில்லு.”

அவர் சொன்னது உண்மைதான். கடிகாரம் நின்றதிலிருந்து அவருக்குத் தாடிகூட வளரவில்லை. டோலி தினமும் வந்தாள், தினமும் திட்டினாள், கோப்பையை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டாம் வாரம் மேயர் வந்தார்.

“மிஸ்டர் ஹாஸ்கின்ஸ், ரெண்டு கையையும் மேல தூக்குங்க, போதும். வீட்டுக்குப் போய் கிறிஸ்துமஸ் கொண்டாடலாம்.”

“பந்து இன்னும் வரல சார்.”

“எப்படியும் உள்ளதானே வரப்போகுது!”

“அப்போ வரட்டும் சார், பார்த்துட்டே தூக்கறேன்.”

மறுநாள் கிரேவ்டனிலிருந்து பழக் கேக்கோடு நான்கு பேர் வந்து, பந்து வெளியே போனதென்று கைகளைப் பக்கவாட்டில் அசைக்கச் சொன்னார்கள். அவர்களுக்கும் அதே பதில்தான். இருபத்தோராம் தேதி அதே மைதானத்தில் வேறொரு ஆட்டம் நடந்தது. விளக்குக் கம்பத்தைச் சுற்றி ஓடுவதுபோல ஆட்டக்காரர்கள் வென்டலைச் சுற்றி ஓடினார்கள். இடித்துவிட்ட ஒருவன் மன்னிப்புக் கேட்டான்.

அதற்கு மறுநாள் டோலி, “எங்க ஸ்டான் சாகறவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. அந்தக் கால் உள்ளயா வெளியவா? இன்னிக்காவது சொல்லு” என்றாள்.

வென்டல் வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “தெரியாது மேடம். பனி மறைச்சிடுச்சு. நான் பார்க்கல. யூகமா கையை அசைச்சிட்டேன். பதினோரு வருஷமா அது என் கண்ணுக்குள்ளயே நிக்குது. அதான் இதப் பார்க்காம இங்கேர்ந்து போறதா இல்ல.”

டோலி கோப்பையைப் பிடுங்கி சூப்பைப் பனியில் கொட்டிவிட்டுப் போனாள். இரண்டு நாள் அவள் வரவில்லை. வென்டலும் எதிர்பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று காலை அவள் ஒரு முக்காலியும் கம்பளிக் கோட்டும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“ஸ்டானோடது. உனக்குத் தோள் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும். போட்டுக்க.” கொஞ்ச நேரம் அவளும் அண்ணாந்து பார்த்தாள். “அவரு கோவக்காரருதான். ஆனா உண்மையச் சொன்னவன்கிட்ட அவரால ரொம்ப நாள் முறைச்சுக்கிட்டு இருக்க முடியாது.”

இருபத்தெட்டாம் தேதியோடு எல்லா ஆட்டங்களும் முடிந்தன. இரண்டு அணிகளும் பத்து வெற்றி, ஆறு தோல்வி, வானில் ஒன்று. இனி அந்தப் பந்துதான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை ஐம்பதாயிரம் பேர் விடுப்பு எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். மீக்கா பக்கக்கோட்டில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். மூன்று மணிக்குப் பந்து சுழல்வதை நிறுத்தியது. அந்த நேரம் பார்த்து ஏரியிலிருந்து பனிப்புயல் கிளம்பி வந்து மைதானத்தை மூடியது. பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியவில்லை. தொலைக்காட்சியில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. வென்டல் கண்ணிமைக்கவில்லை. இமைகளில் பனி உறைந்தது. அவர் துடைக்கவும் இல்லை. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பழுப்புப் புள்ளி வந்தது. பிறகு தையல் தெரிந்தது. விட்ட இடத்திலிருந்து தன் பயணத்தைத் தொடர்ந்த பந்து அவர் தலைக்கு மேல் கடந்து, பின்னால் பனியில் பொத்தென்று விழுந்தது.

நான்கு நிமிடத்தில் புயல் விலகியபோது வென்டல் இரண்டு கைகளையும் உயர்த்தி நின்றிருந்தார். ஐம்பதாயிரம் பேரில் யாரும் கத்தவில்லை. அவரைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டோலி வேலியைத் தாண்டி ஓடினாள்.

“பார்த்தீங்களா? இல்ல, போன தடவை மாதிரியா?”

“பார்த்தேன் டோலி. வலது கம்பத்துக்கு உள்ள, ஒரு ஜாண். தையல்கூடத் தெரிஞ்சுது.”

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, “பார்த்தாராம்!” என்று கத்தினாள். அதன்பிறகு எழுந்த சத்தத்தில் துறைமுகத்துப் பனிக்கட்டி விரிசல் விட்டது. கிரேவ்டன் பயிற்சியாளர் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பார்த்ததாகச் சொன்னார் என்று பதில் வந்ததும் வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டார். லீக்கின் பதிவேட்டில் அந்த உதை, தூரம் ஐம்பத்தொரு கெஜம், காற்று மேற்கு, பறந்த நேரம் இருபத்திரண்டு நாள் என்று, மற்ற உதைகளைப் போலவே சின்ன எழுத்தில் ஏறியது. மீக்கா அடுத்த நாள் போய் பாதியில் விட்டிருந்த கூரையைப் போட்டு முடித்தான்.

பசி திரும்பிய வென்டல் வடக்கு வாசலில் நின்றபடியே ஒன்பது சாசேஜ் சாப்பிட்டார். பிறகு நடுவர் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை பிளே-ஆஃப் ஆட்டம் தெற்கே இரண்டு நாள் பயண தூரத்தில். டோலியின் வேனில் அவரும் போனார். ஸ்டர்ஜன்ஸ் அன்று நான்கு புள்ளி வித்தியாசத்தில் வென்றது. ஆனால் இரண்டாம் கால் பகுதியில், தங்கள் ஆள் பிடித்த பந்து செல்லாது என்று நடுவர் கையசைத்தபோது, முப்பது வருடங்களில் முதல்முறையாகப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த வென்டல் ஹாஸ்கின்ஸ் துள்ளி எழுந்தார்.

“யோவ்! கண்ணு இருக்கா உனக்கு?”

டோலி அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். “உக்காருங்க. அவரு கிட்ட நின்னு பார்த்திருப்பாரு.”

வென்டல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம்தான். மறுபடியும் எழுந்துவிட்டார்.