பித்தளைத் தூள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் கியர் பாக்ஸைப் பிரித்துப் புதுப்பித்து விற்கிறவர்கள் ஊரில் பலர் உண்டு. அது என்ன விலைக்குப் போகும் என்று சொல்ல நான் ஒருவன்தான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. இல்லை என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள்.

அவளுடைய தங்கை, என் மச்சினி, முதல் முறையாகத் தனியாக ஒரு கியர் பெட்டியைப் புதுப்பித்திருந்தாள். வாங்க வந்தவர் பழைய கார்களாகச் சேர்க்கும் பெரிய கை. இது பிடித்துவிட்டால் தன்னுடைய மற்ற கார்களையும் அவளிடமே விடுவதாகச் சொல்லியிருந்தார். அவள் சொந்தப் பட்டறை போடுவதும் போடாததும் அன்றைக்கு என் வாயில் இருந்தது.

"சொந்தக்காரின்னு பார்க்காதீங்க மாமா" என்றாள் சிரித்துக்கொண்டே.

"பார்த்துட்டாலும்! என்கிட்ட அந்தப் பருப்பெல்லாம் வேகாது" என்றேன், வந்தவர் காதில் விழும்படி.

பெட்டியை என் சோதனை மேடையில் பூட்டிச் சுற்றவிட்டு ஒவ்வொரு கியராக மாற்றினேன். ஒவ்வொரு கியரும் வழுக்கிக்கொண்டு விழுந்தது. சத்தமே இல்லை. குறை எதுவும் அகப்படாதது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. கடைசியாக அடி மூடியைத் திறந்து ஆயிலைத் தட்டில் வடித்து டார்ச் அடித்தேன். மஞ்சளாக மினுங்கியது. உள்ளே இருக்கும் பித்தளை வளையங்கள் தேய்ந்தால்தான் அப்படி வரும். புதுப்பித்த பெட்டியில் வந்தால், பழைய வளையத்தையே போட்டு மூடிவிட்டார்கள் என்று அர்த்தம்.

"மேல பளபளப்பு. உள்ள எல்லாம் பழசு. பழைய இரும்பு விலைக்கு வேணா எடுத்துக்கலாம் சார். மச்சினிங்கறதுக்காகப் பொய் சொல்ல முடியுமா?"

"புது வளையம்தான் மாமா போட்டேன்." அவள் குரல் உள்ளே போய்விட்டது.

"ஆயில் பொய் சொல்லாதும்மா."

வந்தவர் என் நேர்மையைப் பாராட்டிக் கை குலுக்கிவிட்டுப் போனார். அவளும் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் வேறொருவரின் பெட்டி. அதிலும் பித்தளை. என்னடா இது, ஊரே சேர்ந்து ஏமாற்றுகிறதா என்று பல்லைக் கடித்தேன். பிறகுதான் என் தட்டின் மேலேயே சந்தேகம் வந்தது. தட்டைக் கவிழ்த்துவிட்டு, புது ஆயில் டப்பாவை உடைத்து அதில் ஊற்றினேன். புது ஆயிலும் மினுங்கியது. தட்டின் விளிம்பு மடிப்பில் விரலை விட்டால் நகமெல்லாம் பித்தளைத் தூள். மச்சினியின் பெட்டிக்கு முன்னால் பார்த்த ஏதோ ஒரு குப்பையிலிருந்து வந்தது. வடிப்பதற்கு முன் தட்டைத் துடைப்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது.

வாங்க வந்தவருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் சிரித்தார்.

"வீட்டுல நல்ல டோஸா சார்?"

"இல்ல சார், நிஜமாவே என் தட்டுலதான்..."

"புரியுது சார். நானும் குடும்பஸ்தன்தான்" என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

மச்சினி வீட்டுக்குப் போனேன். பின்னறையில் அந்தப் பெட்டி முழுவதும் பிரிந்து துணியில் பரப்பிக் கிடந்தது. நடுவில் அவள், கண் வீங்கி.

"எங்க தேயுதுன்னே தெரியல மாமா. எல்லாம் புதுசாத்தான் இருக்கு. எனக்குப் பார்க்கத் தெரியல போல. இந்த வேலை எனக்கு வேண்டாம்."

"எதுவும் தேயல. தூள் என் தட்டுல இருந்தது. துடைக்காம வடிச்சுட்டேன்."

அவள் திடுக்கிடவில்லை. கையிலிருந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துடைக்காததை நான் பார்த்தேன்."

"பார்த்தியா? அப்பவே வாயைத் திறக்கிறதுக்கென்ன?" அந்த நிலையிலும் நான் அவள் மீதுதான் எகிறினேன்.

"உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு இருந்துட்டேன். அதுவும் வெளியாள் முன்னாடி உங்களை எப்படி மாமா விட்டுக்கொடுக்கிறது?"

எழுந்து, எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்காரக் கூசி அப்படியே நின்றேன்.