வெள்ளை கேட்டால் இல்லம்

பெயின்ட் கடைக்காரருக்குச் சந்தையில் 'உரசல்' என்று பெயர். எந்தச் சரக்கு வந்தாலும் ஓரத்தை நகத்தால் உரசிப் பார்த்த பிறகுதான் வண்டியிலிருந்து இறக்க விடுவார். அப்பேர்ப்பட்டவருக்குக் கர்த்தரிடமிருந்து ஒரே வாரத்தில் மூன்று அடையாளங்கள் வந்து சேர்ந்தன. மூன்றும் அவர் மனசு சாய்ந்த பக்கமே சாய்ந்தன. அதுதான் உறுத்தியது.

விஷயம் இதுதான். பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்த அண்ணன் இரண்டு வருடமாக இவர் வீட்டுப் பின்னறையில் கிடக்கிறார். சபை நடத்தும் முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்ப்பதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா? "ஆண்டவரே, நீரே வழிகாட்டும்" என்று முழங்காலில் நின்று கேட்டார். புதன்கிழமை, இல்லத்தில் ஒரு கட்டில் காலி என்று போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை போதகர் இளைப்பாறுதலைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். திங்கட்கிழமைக்கு இவரே ஒரு நிபந்தனை போட்டார்: முதலில் வருகிறவர் வெள்ளை பெயின்ட் கேட்டால் இல்லம், பச்சை கேட்டால் வீடு. ஷட்டரைத் தூக்கிய கையோடு வந்த பெயின்டர் வெள்ளை கேட்டார்.

ஒரு காரியம் இவ்வளவு வழவழவென்று போனால் நடுவில் யாரோ தரகர் இருக்கிறார் என்று அர்த்தம். முதல் சந்தேகம் மனைவி மேல் விழுந்தது. போதகர் காதில் அவள்தான் ஊதியிருப்பாள்.

மதியத்துக்கு முன்பே போய்ப் போதகரின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"பாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. அந்தப் பிரசங்கத்தை யார் பண்ணச் சொன்னாங்க?"

"அது போன வருஷமும் பண்ணதுதான். அப்ப நீங்க மூணாவது பெஞ்சுல நல்லா இளைப்பாறிக்கிட்டு இருந்தீங்க."

அடுத்து இல்லத்துக்குப் போன். "நீங்க நாலு தடவை கூப்பிட்டீங்களே, தொல்லை தாங்காம உங்க பேரை மேல தூக்கி வச்சோம்" என்றார் அங்கிருந்த மேலாளர்.

மிச்சம் இருந்தது வெள்ளை பெயின்ட். கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் அதை மெல்லச் சொன்னார். அவள் டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னங்க, வாசல்ல ஆள் உயரத்துக்கு வெள்ளை டின்னை அடுக்கினது யாரு?"

"நான்தான்."

"பச்சை எங்க இருக்கு?"

"மேல் தட்டுல. சாக்குக்குப் பின்னாடி."

"பத்துப் பேர்ல எட்டுப் பேர் வெள்ளை கேக்கற கடையில உக்காந்துக்கிட்டு, கடவுள்கிட்டயே சீட்டு குலுக்கினீங்களாக்கும்! நல்ல வியாபாரி."

"சரி, நீ என்ன சொல்ற? அனுப்பிடலாமா?"

"நான் எதைச் சொன்னாலும் அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தேடுவீங்க. உங்க அண்ணனைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கர்த்தரைக் கேட்டார், போதகரைக் கேட்டார், முன்பின் தெரியாத பெயின்டர் வாயைக்கூடப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் பின்னறைக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, இல்லத்துல ஒரு கட்டில் காலியா இருக்காம்."

"போறேன்டா. நாளைக்கேன்னாலும் சரி."

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு டஜன் பிரஷ் வாங்கவே பேரம் படியாமல் மூன்று முறை கடைப்படி இறங்கி, மூன்று முறையும் கடைக்காரனைக் கூப்பிட வைத்த மனிதர் இவர். முதல் பேச்சிலேயே அண்ணன் படிந்துவிட்டார் என்றால் எங்கேயோ இடிக்கிறது.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுண்ணே."

அண்ணன் சுவரைப் பார்த்தார். "காலையில என்னைத் தூக்கும்போது உன் வீட்டுக்காரி 'அம்மா'ன்னு முனகுறா. அவ முதுகு போயிடும்டா. எனக்கு இங்க இருக்கத்தான் ஆசை. ஆசை இருந்தா ஆச்சா?"

அந்த முனகலை இவர் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த நேரத்துக்குக் கடையில் இருப்பார். தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் ஜெபித்துப் பார்த்தார். உள்ளே எந்தக் குரலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சந்தேகப்பட்டிருப்பார். எழுந்து இல்லத்துக்குப் போன் போட்டு, "அந்தக் கட்டிலை அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுங்க" என்றார்.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். "அப்ப காலையில யாரு தூக்கறது?"

"நான்தான்."

"கடை?"

"ரெண்டு மணி நேரம் லேட்டா தொறந்தா பெயின்ட் என்ன, டின்னுக்குள்ளயே காஞ்சா போயிடும்?"

"எத்தனை நாளைக்குன்னு பாக்கறேன்" என்றாள் அவள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அண்ணனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். அண்ணன் அலறினார். "டேய், மனுஷனைத் தூக்குறியா, டின்னைத் தூக்குறியா?"

"முட்டியை மடக்குங்க, இடுப்பை வளைக்காதீங்க" என்றாள் மனைவி, கட்டிய கையைப் பிரிக்காமல்.

மடக்கினார்.