ரோஜா நிறப் பட்டை

மூத்தவளுக்குச் சின்னவளைப் பார்த்தாலே வயிற்றெரிச்சல். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டவர்கள். இருவருக்கும் இப்போது புருஷன் இல்லை. பெற்றவள் மூத்தவளாக இருக்க, பிள்ளை மட்டும் வேலை விட்டு வந்ததும் "சித்தி, சாப்பிட்டியா?" என்றுதான் கேட்பான். பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

வயதான பெண்களின் இதயத் துடிப்பில் ஒளிந்திருக்கும் கோளாறைக் கண்டுபிடிக்க, நர்ஸம்மா வீட்டுக்கே வந்து ஆளுக்கொரு பட்டையை மணிக்கட்டில் மாட்டிவிட்டுப் போனாள். மூத்தவளுக்குக் கறுப்பு, சின்னவளுக்கு ரோஜா நிறம். இதிலுமா ஓரவஞ்சனை! நர்ஸம்மா தெருமுனை திரும்பியதும் மூத்தவள் கையை நீட்டினாள்.

"கறுப்பு எனக்கு ஆகாதுடி. அதைக் கழட்டு."

"பேர் பதிஞ்சிருக்காங்களேக்கா..."

"பட்டைக்குக் கண்ணா இருக்கு? குடு."

சின்னவள் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கறுப்பை மாட்டிக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான், கேட்டதைக் கொடுத்தே நல்ல பேர் வாங்கிவிடுவாள்.

இரண்டு வாரம் கழித்துப் பட்டைகளைப் பிள்ளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்தான். பிறகு நர்ஸம்மா டாக்டர் எழுதிய மாத்திரையோடு வந்து சின்னவள் எதிரே உட்கார்ந்தாள்.

"உங்க துடிப்பு அப்பப்போ தாறுமாறா ஓடுதும்மா. வெளிய ஒண்ணும் தெரியாது. விட்டா பக்கவாதம் வரலாம். ரத்தம் கட்டிக்காம இருக்க இன்னிக்கே இதைப் போடணும்."

பிள்ளை பதறிப்போய்ச் சித்தியின் முதுகுக்குத் தலையணை வைத்தான். மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வியாதியிலும் இவளுக்குத்தான் முதல் மரியாதையா? எனக்கு வராதா ஒரு வியாதி என்று பொருமினாள். பொருமிய பிறகுதான் சுருக்கென்றது. அந்த ரோஜா நிறப் பட்டை இரண்டு வாரமும் இருந்தது தன் கையில் அல்லவா!

சின்னவள் மாத்திரையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். பாவி, காட்டிக்கொடுக்க மாட்டாள். விழுங்கினாலும் விழுங்கிவிடுவாள். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து.

"கீழ வைடி அதை! அது என்னோடது. பட்டையை நான்தான் பிடுங்கி மாட்டிக்கிட்டேன்."

நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டு, மூத்தவளின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "வண்டியைக் கூப்பிடுங்க, டாக்டர்கிட்ட போயிடலாம்" என்றாள்.

"அம்மா" என்று பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷம் ஏங்கியது இதற்குத்தான். ஆனால் அவள் கண் அவன் மேல் இல்லை. சின்னவள் எழுந்து, அக்காவுக்கு மாற்றுப் புடவை எடுத்துவர உள்ளே விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தாள். ஒரு கோளாறும் இல்லாத உடம்பு. மூத்தவளுக்கு அழுகை முட்டியது. ஆயுசு முழுக்கப் பட்ட பொறாமையில் இது ஒன்றுதான் நியாயமாக இருந்தது.