உப்பில் வெளுத்த வெள்ளி

1

இந்தக் கதை நான் வாங்கிய ஒரு திட்டிலிருந்து பிறந்தது, கண்ணுகளா. முதலில் ‘ஆய்வுக்கூடத்தில் குழாய் கழுவும் ஒருத்தி’ என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். கழுவியவள் நான்தான்.

2

எங்கள் ஆராய்ச்சிக்காரர் வெள்ளியை வைத்து ஒரு மருந்து செய்தார். எதற்கும் அசையாத கிருமியைக் கண்ணாடித் தட்டில் அது கொன்றது. ஒருநாள், காய்ச்சி வடித்த தண்ணீருக்குப் பதில் உப்புத் தண்ணீர் பாட்டிலை அவர் மேசையில் வைத்துவிட்டேன். மருந்தைக் கரைத்ததும் பால்போல வெளுத்து அடியில் படிந்தது. அன்று கிருமி சாகவில்லை.

“கண்ண எங்கம்மா வச்சிருந்தீங்க? உப்பு பட்டா வெள்ளி வீணாயிடும்னு எத்தன தடவ சொல்றது?”

“தப்புதான் சார்.”

“இது கணக்குல சேராது.” அன்றைய முடிவை எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார்.

3

அடுத்த வாரம் அவருடைய அக்காவுக்குக் காலில் அதே கிருமி. காலை வெட்டி எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர். “நாலு நாள் குடுங்க, என் மருந்தப் போட்டுப் பாக்கறேன்,” என்று கெஞ்சி வாங்கினார் தம்பி.

(புண்ணில் ஊறுவதும் உப்பு நீர்தான். அது அவருக்குத் தெரியாதா? மேசையில் தெரிந்தது, அக்கா என்று வந்ததும்... இந்த வாக்கியம் முடிய மறுக்கிறது.)

4

முந்தைய பிரதியில் அவரை வழிமறித்து, “ரத்தமும் உப்புதானே சார்?” என்று கேட்டிருந்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. பொய். நடந்தது இதுதான்:

“சார், அன்னைக்கு வெளுத்துச்சே...”

“எங்கக்கா பிழைக்கணுமா வேண்டாமா? போய்க் கழுவுங்க.”

போய்க் கழுவினேன்.

5

புண் ஆறுவதாக ஒரு முடிவு எழுதினேன். எனக்கே கூசியது.

இரண்டாம் நாள் மருந்து பாட்டிலை வார்டுக்கு எடுத்துப்போனவள் நான். கட்டுத்துணி வெள்ளையாகப் பூத்திருந்தது. அக்கா சிரித்தாள்.

“ஒரு கால் போனா செருப்புச் செலவு பாதியாயிடும்னு சொன்னேன். அவன் அழறான். நீங்க அவன்கூடவே இருக்கறவங்க, உண்மையச் சொல்லுங்கம்மா. இது கேக்குமா? கேக்காதுன்னா இன்னைக்கே முழங்காலுக்குக் கீழ எடுத்துடலாமாம். கிருமி மேல ஏறுதாம், நாளைக்குன்னா எதுவும் நிச்சயமில்லன்னு டாக்டர் சொல்றாரு.”

கதவருகே தம்பி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது. எழுதமாட்டேன். எழுதினால் பிழைப்பு, பயம் என்று காரணம் கண்டுபிடித்து என்னை மன்னித்துவிடுவீர்கள். உங்கள் மனசு எனக்குத் தெரியும். அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நீங்களே சொல்லுங்கள்.