கசந்த கூழ்

சிம்மக்கல் மண்டியில் மூட்டை சரிந்து, சுமை தூக்கும் அழகுபாண்டியின் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. கம்பி வைத்தார்கள். வெளிப்புண் ஆறியது. பிறகு அதே இடத்தில் சிறு துளை விழுந்து சீழ் வடிந்தது.

எலும்பில் கிருமி என்றார் டாக்டர் கனகா.

"எந்தக் கிருமின்னு தெரியணும். எலும்புல கொஞ்சம் எடுத்து வளத்துப் பாக்கணும். அதுவரைக்கும் ஆன்டிபயாட்டிக் ஒண்ணுகூட வேணாம். மருந்து உள்ள இருந்தா கிருமி வளராது. காய்ச்சல் வந்தா இங்கதான் வரணும்."

அவன் மனைவி பாண்டீஸ்வரி தலையாட்டினாள்.

ஆனையூர் வீட்டில் அவனுக்கு உடம்பு சுட்டது. மருந்தை நிறுத்திவிட்டு நோயைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. முன்பு புண்ணுக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையின் பழைய அட்டையைத் தெருமுனை மெடிக்கலில் காட்டினாள். சீட்டு கேட்கவில்லை. கத்தரித்துக் கொடுத்தார்கள். அவன் டாக்டர் சொல்லை மீறமாட்டான். பொடித்துக் கம்மங்கூழில் கரைத்தாள்.

"என்னடி, கூழு கசக்குது?"

"கம்பு பழசு."

"கடைக்காரன் உனக்குன்னே எடுத்து வச்சிருந்தான் போல."

சிரித்தபடி குடித்தான். சூடு தணிந்தது. சோதனைக்கு எலும்பில் கொஞ்சம் எடுக்கும் நாள்வரை தினமும் கரைத்தாள்.

சோதனை முடிவு வந்தது.

"ஒண்ணுமே வளரல," என்றார் டாக்டர். "மாத்திரை ஏதும் சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா. எங்க கருப்பசாமி மேல சத்தியம்," என்றான் அழகுபாண்டி.

"அப்ப குத்துமதிப்பாத்தான் மருந்து குடுக்கணும். கேக்கலைன்னா எலும்பு செத்துக்கிட்டே போகும். கடைசில கால எடுக்க வேண்டி வரும்."

பாண்டீஸ்வரி அவன் காலைப் பார்த்தாள். கட்டுத்துணியின் ஓரம் மஞ்சளாக நனைந்திருந்தது.

"நான் குடுத்தேன். கூழுல."

கடையில் விலை கேட்பதுபோல் சொன்னாள். பையிலிருந்த அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்தார். "நிறுத்துங்க. திரும்பக் காத்திருக்கணும். திரும்ப எலும்பத் துளைச்சு எடுக்கணும்."

"திரும்பவுமா," என்றான் அழகுபாண்டி. பஸ்ஸில் அவளுக்கு முந்தின சீட்டில் தனியாக உட்கார்ந்தான்.

சில நாளில் மீண்டும் உடம்பு சுட்டது. கூழை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"நீ ஒரு மடக்கு குடி."

குடித்தாள். உப்பு மட்டும் தெரிந்தது. அவள் விழுங்கும்வரை தொண்டையையே பார்த்திருந்துவிட்டு, சொம்பை வாங்கினான்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றாள்.

அவன் குடித்து முடித்தான். வாயைத் துடைத்தான்.

"ஆட்டோவக் கூப்புடு."