நாற்பது அடி ஜன்னல் திரை

1

ஏபெல் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. அதைச் சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்பது வேறு விஷயம். அன்று அவர் கிண்ணத்தில் இருந்தது மூஸ் மான் சூப் என்று பத்து வருடங்களாகச் சொல்லி வருகிறேன். காட்டுவாத்து என்கிறாள் ரோவீனா. கூட்டக் குறிப்பைப் புரட்டினேன். அதில் சூப்பும் இல்லை, நாற்காலியும் இல்லை. அதற்கு முந்தைய கூட்டத்தின் குறிப்பில் "அனைவரும் ஒப்புதல்" என்று இருக்கிறது. இரண்டையும் எழுதியவன் நான்தான்.

2

தொடக்கம், முதல் முயற்சி: இரட்டைத்தீவு ஏரியின்மேல் அந்த வருடத்தின் முதல் பனி

வேண்டாம். வடக்கத்திக் கதை என்றாலே பனி விழுந்தாக வேண்டுமா? கூட்டம் நடந்தது ஜூலையில். விழுந்ததெல்லாம் கொசு.

இரண்டாவது முயற்சி: முதியோரைத் தெய்வமாகப் போற்றும் ஒரு தொல்குடி

இதை ரோவீனாவிடம் படித்துக் காட்டினேன். "யாரு, நாங்களா?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டாள்.

மூன்றாவது: ரோவீனாவுக்கு அம்மாவை ஊருக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

இது நிற்கிறது. அம்மா ஜெமைமாவுக்கு எண்பத்தேழு வயது. இடுப்பெலும்பு உடைந்தபோது இங்கே வைத்துப் பார்க்க வசதியில்லை. விமானத்தில் ஏற்றி, தெற்கே வின்னிபெக் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அங்கே எங்கள் ஊர் மொழியான க்ரீயில் பேச ஒருவரும் இல்லை. ஞாயிறுதோறும் ஃபோன்.

"இங்க மீன்ல முள்ளே இல்லடி."

"நல்லதுதானேம்மா."

"முள்ளு இல்லாத மீனு எப்படி நீந்தியிருக்கும்? என்னத்தையோ குடுத்து ஏமாத்துறாங்க."

பிறகு இருவரும் பேசமாட்டார்கள். சில நாள் கால் மணி நேரம்கூட. ரோவீனா ஃபோனை வைப்பதில்லை. மறுமுனையில் அம்மாவின் மூச்சு கேட்டுக்கொண்டிருக்கும்.

ஊரிலேயே பன்னிரண்டு கட்டில் கொண்ட இல்லம் ஒன்று கட்டலாம் என்று பேச்சு வந்ததும் ரோவீனா குழுத்தலைவி ஆனது இதனால்தான். ஊர்நலம் என்பதை விண்ணப்பத்தில் பிறகு சேர்த்துக்கொண்டோம்.

3

தெற்கிலிருந்து கோர்டன் என்ற கட்டட வடிவமைப்பாளர் வந்தார். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் கதைக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். உங்கள் பண்பாட்டுக்கு ஏற்ற கட்டடம் என்று சொல்லி, மேசைமேல் ஒரு வட்டத்தை விரித்தார். நடுவே பெரிய அடுப்பு, சுற்றிலும் பன்னிரண்டு அறைகள். கதவைத் திறந்தால் எல்லோரும் எல்லோரையும் பார்க்கலாம்.

முதியவர்கள் பார்த்தார்கள். மெல்லத் தலையை ஆட்டினார்கள். வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. விருந்தாளியிடம் உன் படம் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லும் பழக்கம் இங்கே கிடையாது. ஆனால் நான் வளர்ந்த வீட்டில் பேசாதவர் ஒத்துக்கொண்டவர். எழுதினேன்: அனைவரும் ஒப்புதல்.

[அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது. இங்குள்ள மருத்துவ நிலையத்தில் எனக்கு எழுத்தர் வேலை. பத்தொன்பது வருடம் இவர்களோடு இருந்த பிறகும் அப்படி எழுதினேன். இன்னொன்று: க்ரீ உறவுமுறையைத் தமிழில் சொல்ல எனக்குச் சிரமமே இல்லை. தாய்மாமனுக்கும் மாமனாருக்கும் ஒரே சொல். அத்தை மகன் மச்சான். அவனைக் கேலி செய்யாவிட்டால்தான் கோபித்துக்கொள்வான். மாமியாரும் மருமகனும் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, நேராகப் பேசுவதும் இல்லை. பகையெல்லாம் இல்லை, மரியாதை. சின்னவர்கள் விட்டுவிட்டார்கள். எழுபதைத் தாண்டியவர்கள் விடவில்லை.]

4

கடைசிக் கூட்டம். கையெழுத்திட்ட படம் மறுநாள் அரசுக்குப் போயாக வேண்டும். ஒரு சுவரை மாற்றினாலும் நிதிக்குக் காத்திருக்கும் ஊர்களின் வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள், இரண்டு வருடம். எண்பத்தேழு வயதில் இரண்டு வருடம் என்பது

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு வரவில்லை.)

ரோவீனா அறைப் பட்டியலை வாசித்தாள். ஒன்று, எலைஜா. நான்கு, ஏபெல். பத்து, ஜெமைமா.

ஏபெல், ரோவீனாவின் இறந்துபோன அக்காவின் கணவர். சர்க்கரை நோயில் பாதிப் பார்வை போய், தனியே இருந்தவர். பட்டியல் முடிந்ததும் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டார். சுவரைப் பார்த்தபடி சூப்பைக் குடிக்கத் தொடங்கினார்.

"அத்தான், என்ன பண்றீங்க?"

"பழகிப் பாக்கறேன் கொழுந்தியா. நாலுக்கு நேர் எதிர் பத்து. இனிமே சாகுற வரைக்கும் இப்படித்தானே குடிக்கணும்."

அவருடைய மச்சான் எலைஜா விடவில்லை. "உனக்குத்தான் பாதிக் கண்ணு அவிஞ்சு போச்சே. அப்புறம் என்ன கூச்சம்?"

"மிச்சப் பாதியில அவங்க வந்து நின்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் கோர்டனும் சிரித்தார். ரோவீனா சிரிக்கவில்லை. படத்தின்மேல் விரலை வைத்து அறை அறையாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"வேற ரூம் தரவா அத்தான்?"

"வட்டம்டி இது. எங்க வெச்சாலும் மூஞ்சி தெரியும்."

ரோவீனா விஷயத்தை விளக்கினாள். கோர்டனின் முகம் சுண்டிவிட்டது. "வட்டம் உங்க பண்பாடுதானே?"

"எங்க பழைய கூடாரம் வட்டம்தான் தம்பி," என்றார் எலைஜா. "அதுல ஒரு குடும்பம் படுக்கும். மாமியாளுக்கு வேற கூடாரம்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீ கேக்கலையே. காட்டினே. பாத்தோம்."

நான் என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஏபெல் சுவரிடம் சொன்னார்: "அவங்க வரட்டும். நான் வின்னிபெக்குக்குப் போறேன். எனக்கு முள்ளில்லாத மீன் பிடிக்கும்."

பிடிக்காது. நாற்பத்தாறு வருடமாக ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வலையில் விழுந்த முதல் வெள்ளைமீனை ஜெமைமா வீட்டு வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு, அது திறக்கும் முன் போய்விடும் ஆள் அவர்.

5

முடிவு (அ): ஏபெல் தெற்கே போகிறார். அவர் விமானம் மேலே ஏறும்போது, ஜெமைமாவின் விமானம் கீழே

படித்துவிட்டு ரோவீனா கேட்டாள்: "யாராவது போய்த் தொலைஞ்சாத்தான் உங்களுக்குக் கதையா?"

முடிவு (ஆ): ரோவீனா படத்தைக் கிழித்து எறிகிறாள். எறியவில்லை. ஞாயிறுதோறும் அந்த மூச்சைக் கேட்பவள் எப்படிக் கிழிப்பாள்?

முடிவு (இ): வாசகரே, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

"சோம்பேறித்தனம்," என்றாள். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அவள் கோர்டனிடம் கேட்டாள். "சுவரைத் தொட்டாத்தானே வரிசை போகும்? சாமான் பட்டியல்?"

"அது தனி. கட்டில், நாற்காலி, திரை, அதெல்லாம் உங்க இஷ்டம்."

ரோவீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை எனக்குப் புரிந்தது. தட்டச்சு செய்தேன்: ஜன்னல் திரை, ஒன்று. கூடாரக் கித்தான். நீளம் நாற்பது அடி.

கோர்டன் படித்தார். "நாற்பது அடியில எங்க இருக்கு ஜன்னல்?"

ஒருவரும் பேசவில்லை. அவர் ஏபெலின் முதுகைப் பார்த்தார், அடுப்பு வரைந்திருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு அவரும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

6

அடுத்த வருடம் செப்டம்பரில் ஜெமைமா வந்து சேர்ந்தார். கூடத்தைக் கித்தான் இரண்டாகப் பிரித்திருந்தது. அடுப்பு மட்டும் பொது. முதல் நாள் மதியம் வெள்ளைமீன், முள்ளோடு. கித்தானுக்கு அப்பால் யாரோ சூப்பை உறிஞ்சும் சத்தம்.

"அடுப்பே," என்றார் ஜெமைமா. "யாரோ ஏரியையே உறிஞ்சுறாங்க. மெதுவா குடிக்கச் சொல்லு."

உறிஞ்சும் சத்தம் நின்றது. ரோவீனா கையில் பிடித்த தட்டோடு நின்றாள்.

"அடுப்பே," என்றது அப்பாலிருந்து ஒரு குரல். "சூடா இருக்குன்னு சொல்லு."

ஜெமைமா பதினொரு மாதம் இருந்தார். எலைஜா அதற்கடுத்த குளிர்காலத்தில் போனார். கோர்டன் இப்போதும் வட்டமாகத்தான் வரைகிறார். ஆனால் முதலில் மாமியார்களைப் பற்றி விசாரிக்கிறாராம். ரோவீனா இல்லத்தை நடத்துகிறாள். ஏபெலுக்கு மிச்சப் பார்வையும் போய்விட்டது. இன்றும் கித்தானுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்கிறார். போன மாதக் கூட்டத்தில் புதிதாக வந்த நர்ஸ், அதை இனிக் கழற்றிவிடலாமா என்று கேட்டாள். கித்தான் அங்கேயே தொங்குகிறது. குறிப்பில் நான் எழுதியது: யாரும் எதுவும் சொல்லவில்லை.