திருடாத மாங்காய்

விண்ணப்பத்தைத் தபாலில் சேர்க்க இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. நாளை மாலை நாலு மணிக்கு உத்திரமேரூர் தபால் நிலையத்தில் பை கட்டிவிடுவார்கள்.

பி.எட். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தை வசந்தகுமாரி மறுபடியும் படித்தாள். 'நீங்கள் செய்த ஒரு தவறையும் அதிலிருந்து கற்றதையும் எழுதுக.' கீழே இருபது கோடுகள்.

சாப்பிட வந்த அண்ணன் மணவாளன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா வசந்தா, இன்னுமா எழுதல?"

"இன்னா எழுதறதுன்னு தெரியலண்ணா."

"மாங்கா திருடினேன், தோட்டக்காரன் அழுதான், திருந்திட்டேன்னு எழுது. படிக்கிறவன் உருகிடுவான்."

"நெஜமா பண்ண தப்ப எழுதினா?"

"எவன் சீட்டு குடுப்பான்? டீச்சருக்குப் படிக்கப் போறே. அது சரி, வூட்ட வுட்டே வெளிய போவாத நீ இன்னா பெரிய தப்பு பண்ணிட்டே?" சிரித்துக்கொண்டே கை கழுவப் போனான்.

வேறொரு தாளில் அவள் மாங்காயை எழுதிப் பார்த்தாள். பதினெட்டு வரிகள். நன்றாகவே இருந்தது. அவள் ஒரு மாங்காயைக்கூடத் திருடியதில்லை.

படித்துக் காட்ட ஆள் இல்லை. கல்லூரியில் எதை எழுதினாலும் கனகாவிடம்தான் காட்டுவாள். கடைசி வருட வேதியியல் பரீட்சையில் கனகாவின் காலடியில் பிட்டுத் தாள் கிடந்தது. மூன்று வருடம் பரீட்சை எழுதக் கூடாது என்று அவளை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு பதினான்கு மாதங்கள் வசந்தகுமாரி அவளைப் பார்க்கப் போகவில்லை. வேறு தோழியும் அமையவில்லை. சில நாட்களில் சாயங்காலம்வரை அவள் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாள்.

மறுநாள் காலை மாங்காய்க் கதை எழுதிய தாளோடு, கனகாவின் ஊரான காவாந்தண்டலத்துக்குப் பஸ் ஏறினாள்.

கனகா கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா கன்னியப்பன் வரப்பில் நின்றிருந்தார்.

"அடடே, வசந்தா! இப்பதான் வயி தெரிஞ்சுதா? சேத்துல எறங்காதே, புதுப் பொடவ." பி.எட். விண்ணப்பத்துக்கு எழுதியது என்று வசந்தகுமாரி நீட்டிய தாளைக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள் கனகா. விழுந்து விழுந்து சிரித்தாள். "மாங்காயா? நீயா? மரத்தாண்ட போவவே பயப்படுவியேடி!"

"கூட்டாளி டீச்சருக்குப் படிக்கப் போவுது," என்றார் கன்னியப்பன். "நீ காப்பியடிச்சி மாட்டிக்கினு இங்க களை புடுங்கிக்கினு கீற."

கனகாவின் சிரிப்பு நின்றது. "நான் அடிக்கல நைனா. எத்தினி தபா சொல்றது?"

"அப்போ காலாண்ட யாரு போட்டது? காத்தா?"

கனகா குனிந்து மறுபடியும் களை எடுத்தாள்.

நிஜத்தை எழுதலாமா, மறைக்கலாமா என்றே வசந்தகுமாரி இதுவரை யோசித்திருந்தாள். ஒரு தவறை ஒப்புக்கொண்டால் அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் அதன் தண்டனையைச் சுமந்தவர்கள்தான். கல்லூரிக்கு எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகு. இது புரிந்ததும், வகுப்பில்கூட உயர்த்தாத குரலை உயர்த்தினாள்.

"ஐயா, அந்தப் பிட்டு என்னோடது. சூப்பர்வைசர் வந்தப்போ நான்தான் கனகா காலாண்ட தள்ளிவிட்டேன்."